பன்னீர் ரோஜாவில் குல்கந்து: வீட்டிலேயே தயாரிக்கலாம்

பூ சாகுபடி செய்யும் விவசாயிக்கு ஒரு கஷ்டம் எப்போதும் உண்டு. நெல்லையும் சோளத்தையும் விலை வரும்வரை மூட்டை கட்டி வைக்கலாம். பூவை வைக்க முடியாது. காலையில் பறித்த பன்னீர் ரோஜா அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும். மறுநாள் அது குப்பை. முகூர்த்த நாட்களிலும் பண்டிகைக்கு முதல் நாளிலும் நல்ல விலைக்குப் போகும் பூவை, பண்டிகை முடிந்த மறுநாள் மண்டியில் கேட்பார் இல்லை. நிலக்கோட்டையானாலும் திண்டுக்கல்லானாலும் தோவாளையானாலும் இதே கதைதான். பறிகூலிக்கும் பஸ் கூலிக்கும்கூடக் கட்டாத நாட்களில் செடியிலேயே பூவை உதிர விடுபவர்களும் உண்டு.

இத்தகைய நாட்களில் பூவைச் சர்க்கரையில் ஊறவைத்துக் குல்கந்தாக மாற்றி வைத்தால் அது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஜாடி, சர்க்கரை, வெயில், தராசு ஆகிய நான்கும் இருந்தால் போதும். ஆனால் ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதிய வைத்துக்கொள்வது நல்லது. மாலைக்கும் பூஜைக்கும் வளர்த்த பூ வேறு. வாயில் போடுவதற்கான பூ வேறு. மண்டியில் விற்காமல் திரும்பிய பூவையெல்லாம் ஜாடியில் போட்டுவிட முடியாது. குல்கந்து வேலை சமையலறையில் அல்ல, தோட்டத்திலேயே தொடங்குகிறது. இதன் காரணம் பின்னால் விவரிக்கப்பட்டுள்ளது.

குல்கந்து என்றால் என்ன?

‘குல்’ என்றால் பாரசீக மொழியில் பூ, குறிப்பாக ரோஜா. ‘கந்த்’ என்றால் சர்க்கரை. ரோஜா இதழையும் சர்க்கரையையும் கலந்து வெயிலில் வைத்துப் பக்குவப்படுத்தியதே குல்கந்து. யுனானி வைத்தியத்தில் நெடுங்காலமாக இது உபயோகத்தில் உள்ளது. ராஜஸ்தானில் அஜ்மீரை அடுத்த புஷ்கர் பகுதியில் ரோஜா சாகுபடியும் குல்கந்து தயாரிப்பும் இணைந்தே நடக்கின்றன. தமிழ்நாட்டில் நாட்டு மருந்துக் கடைகளிலும் பீடாக் கடைகளிலும் இதைக் காணலாம். ரோஜாப்பால், ஐஸ்கிரீம், இனிப்பு வகைகள் ஆகியவற்றிலும் இது சேர்க்கப்படுகிறது.

ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையைக் குல்கந்தில் சர்க்கரை செய்கிறது. இதழில் உள்ள நீரைச் சர்க்கரை வெளியே இழுத்துக்கொண்டு பாகாகிறது. அந்தப் பாகு கெட்டியாக இருந்தால் பூஞ்சாணமும் நுண்ணுயிர்களும் வளரத் தேவையான நீர் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. இதனால்தான் பண்டம் கெடாமல் நிற்கிறது. பாகு நீர்த்திருந்தால் அதே சர்க்கரை நுண்ணுயிர்களுக்கு உணவாகிப் பண்டம் புளித்துவிடும். குல்கந்து தயாரிப்பின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒன்றில்தான் அடங்கியுள்ளது.

எந்த ரோஜா ஏற்றது?

வாசனை மிகுந்த நாட்டு ரோஜா வகைகளே இதற்கு உகந்தவை. நம் பகுதிகளில் பன்னீர் ரோஜா என்று வழங்கும் இளஞ்சிவப்புப் பூ மிகவும் ஏற்றது. இதன் இதழ் மெல்லியது, சீக்கிரம் ஊறும், வாசனையும் நிற்கும். பூச்செண்டுக்காக வளர்க்கப்படும் நீண்ட காம்புள்ள ஒட்டு ரோஜா பார்வைக்கு அழகாக இருந்தாலும் அதன் இதழ் தடிமனானது, வாசனை குறைவு. பசுமைக் குடில்களில் வளரும் அந்தப் பூக்கள் அடிக்கடி மருந்து தெளிக்கப்படுபவை. அவற்றைக் குல்கந்துக்கு உபயோகிக்கவே கூடாது.

மருந்து படாத பூவே வேண்டும்

ரோஜாச் செடியை இலைப்பேன், அசுவினி, செஞ்சிலந்தி, செதில் பூச்சி, மொட்டுப்புழு ஆகியவை தாக்குகின்றன. சாம்பல் நோயும் கரும்புள்ளி நோயும் வருகின்றன. மாலைக்குப் பூ விற்கும் விவசாயி இவற்றுக்கு மருந்து தெளிக்கிறார். சூடிக்கொள்ளும் பூவாதலால் தெளித்த எத்தனையாவது நாள் பறிக்கலாம் என்று எவரும் கேட்பதில்லை. காய்கறியில் இத்தகைய பழக்கம் தவறு என்று தெரிந்தவர்கள்கூடப் பூவில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தப் பூவைக் கழுவிவிட்டு உபயோகித்தால் என்ன என்று சிலர் எண்ணலாம். அது சரியல்ல. மேலே படிந்து நிற்கும் மருந்தில் ஒரு பகுதி கழுவினால் போகலாம். ஆனால் டைமெத்தோயேட், இமிடாகுளோபிரிட், கார்பென்டாசிம் போன்றவை செடிக்குள் ஊடுருவிச் சென்று வேலை செய்யும் மருந்துகள். இதழின் உள்ளே இருப்பதை எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அகற்ற முடியாது. அதற்கு மேலும் ஓர் ஆபத்து உண்டு. குல்கந்து தயாரிக்கும்போது இதழிலுள்ள நீர் வெயிலில் வற்றுகிறது. நீர் வற்றினாலும் அதிலுள்ள நஞ்சு முழுவதும் அதனுடன் போய்விடுவதில்லை. குல்கந்தை விரும்பிச் சாப்பிடுபவர்களோ குழந்தைகளும் வயதானவர்களும் நோயிலிருந்து எழுந்தவர்களும். நல்ல பொருள் என்று நம்பி வாங்குபவர்களுக்கு நஞ்சு கலந்ததைக் கொடுப்பது பெரும் பாவம்.

ஆகவே உண்பதற்கான பூவுக்கென்று தோட்டத்தில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். வரிசைக்கு வரிசை 2 மீட்டரும் செடிக்குச் செடி 1 மீட்டரும் இடைவெளி விட்டு நட்டால், 5 சென்டு நிலத்தில் ஏறத்தாழ 100 செடிகள் கொள்ளும். ஒரு குடும்பம் கூலியாள் இல்லாமல் கவனித்துக்கொள்ள இந்த அளவு போதும்.

இடம் தேர்வு செய்யும்போது காற்று வாட்டத்தைப் பார்க்க வேண்டும். மருந்தடிக்கும் வயலிலிருந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்தைத் தவிர்த்து எதிர்ப்பக்கத்தில் ஒதுக்குவது நல்லது. இடையே அகத்தி போன்ற உயரமான பயிரை நெருக்கமாக நட்டால் மருந்துச் சாரல் தடுக்கப்படும். ஓரத்து இரண்டு வரிசைப் பூக்களை மாலைக்கே அனுப்பிவிடலாம். மருந்து தெளித்த கைத்தெளிப்பானை இந்தப் பகுதிக்கு உபயோகிக்கக் கூடாது. இதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே மருந்தடித்து வந்த செடிகளாக இருந்தால் உடனே மாற்றிக்கொள்ள முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கவாத்து செய்யும்போதிலிருந்து மருந்தை அறவே நிறுத்திவிட வேண்டும். கவாத்துக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பூ வரத் தொடங்கும். அந்த முதல் வரத்தை மாலைக்கு விற்றுவிட்டு, அடுத்த வரத்திலிருந்து குல்கந்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மருந்தில்லாமல் பயிர்ப் பாதுகாப்பு

கவாத்து செய்தவுடன் செடிக்கு 10 கிலோ வீதம் நன்கு மக்கிய தொழு உரம் இட வேண்டும். தழைச்சத்து உரத்தை அதிகமாகக் கொட்டினால் தளிர் கொழுத்து, அசுவினிக்கும் சாம்பல் நோய்க்கும் இடம் கொடுக்கும். செடியின் நடுப்பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக உள்ள கிளைகளை நீக்கிக் காற்றும் வெளிச்சமும் புக வழி செய்தாலே சாம்பல் நோய் பாதி குறையும். கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும். தண்ணீரை வேரடியில் பாய்ச்ச வேண்டும். மாலை நேரத்தில் இலைமேல் தெளிக்கலாகாது. அசுவினியும் செஞ்சிலந்தியும் தென்பட்டால் காலை வேளையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெருமளவு உதிர்ந்துவிடும்.

இதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவிகிதக் கரைசல் தெளிக்கலாம். 10 லிட்டர் கரைசலுக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பைத் தூளாக்கி, தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, 10 லிட்டராக்கிக்கொள்ள வேண்டும். இலையில் ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். ஆனால் இதையும் மொட்டு நிறம் காட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பூவில் கசப்பு ஏறிக் குல்கந்தின் ருசியே கெட்டுவிடும்.

பறிப்பும் பக்குவமும்

பூவில் வாசனை எண்ணெய் அதிகாலையில்தான் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது ஆவியாகிவிடும். எனவே பொழுது புலரும் நேரத்தில் பறித்து முடித்துவிட வேண்டும். அன்று விரிந்த பூவாக இருக்க வேண்டும். முதல் நாள் விரிந்து வாடிய பூவும் மழையில் நனைந்து கருத்த பூவும் உதவா. பறித்த பூவைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் புழுங்கிவிடும். மூங்கில் கூடையே சிறந்தது.

பூவின் காம்பு, அடியிலுள்ள பச்சைப் பகுதி, நடுவிலுள்ள மகரந்தம் ஆகியவற்றை நீக்கி இதழை மட்டும் உதிர்த்துக்கொள்ள வேண்டும். இதழின் அடிநுனி வெளிறி இருந்தால் அதைக் கிள்ளிவிடுவது நல்லது. அந்தப் பகுதி சற்றுக் கசக்கும். இதழை முறத்தில் இட்டுப் புடைத்துப் பூச்சி, தூசியைப் போக்கிய பின், சுத்தமான தண்ணீரில் ஒரே ஒரு முறை அலசி உடனே எடுத்துவிட வேண்டும். ஊறவிடக் கூடாது. பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி, மின்விசிறிக் காற்றிலோ நிழலிலோ ஈரம் முழுவதும் போகும்வரை உலர்த்த வேண்டும். இதழைக் கையில் எடுத்தால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. அதே சமயத்தில் இதழ் சருகாகவும் ஆகிவிடக் கூடாது. மேல் ஈரம் மட்டுமே போக வேண்டும்.

சர்க்கரை எவ்வளவு?

ஒரு பங்கு இதழுக்கு ஒரு பங்கு சர்க்கரை என்பார்கள் சிலர். இரண்டு பங்கு என்பார்கள் சிலர். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டுக்கும் செய்முறை ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் பலருடைய குல்கந்து பாதியில் புளித்துப்போகிறது. கணக்கு எளிமையானது.

1 கிலோ இதழில் ஏறத்தாழ 800 கிராம் நீர் உள்ளது. பாகு கெடாமல் நிற்க, அதில் 100-க்கு 67 அல்லது 68 பங்கு சர்க்கரை இருக்க வேண்டும். நம் ஊர் வெப்பநிலையில் தண்ணீர் கரைத்துக்கொள்ளக்கூடிய சர்க்கரையின் உச்ச அளவும் இதுவே.

1 கிலோ இதழுக்கு 1 கிலோ சர்க்கரை போட்டால், 800 கிராம் நீரில் 1,000 கிராம் சர்க்கரை கரைகிறது. இது 55 சதவிகிதம் மட்டுமே. இப்படியே மூடிவைத்தால் நிச்சயம் புளிக்கும். 300 முதல் 400 கிராம் வரை நீரை வெயில் உறிஞ்சிவிட வேண்டும். அதாவது, 2 கிலோ கலவை 1 கிலோ 600 கிராமாகக் குறைந்தால்தான் பக்குவம் வந்ததாகக் கொள்ளலாம்.

1 கிலோ இதழுக்கு 2 கிலோ சர்க்கரை போட்டால் பாகு தொடக்கத்திலேயே அந்த உச்ச அளவை எட்டிவிடும். சிறிது சர்க்கரை கரையாமல்கூட அடியில் நிற்கும். இதற்கு வெயில் குறைவாக இருந்தாலும் பாதகம் இல்லை. ஆனால் தித்திப்பு தூக்கலாக இருக்கும். பூவின் ருசி மட்டுப்படும்.

ஆகவே மாசி முதல் சித்திரை வரை நல்ல வெயில் காயும் நாட்களில் சம அளவு முறையையும், மேகமூட்டமான நாட்களில் இரண்டு பங்கு முறையையும் கைக்கொள்வது உத்தமம். அடைமழைக் காலத்தில் சம அளவு முறையில் இறங்கவே கூடாது. சர்க்கரையின் அளவு எப்போதும் இதழின் எடைக்குத்தான். காம்புடன் கூடிய பூவின் எடைக்கு அல்ல.

வெள்ளைச் சர்க்கரையைப் பொடித்தும் போடலாம். கற்கண்டையோ பனங்கற்கண்டையோ இடித்தும் போடலாம். நாட்டுச் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நிறத்தையும் கருக்கும். விற்பனைக்குச் செய்பவர்கள் அதைத் தவிர்ப்பது நலம்.

தயாரிக்கும் முறை

கண்ணாடி ஜாடி அல்லது பீங்கான் ஜாடியை எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்பு, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் கூடாது. ரோஜா இதழில் துவர்ப்புப் பொருள் உள்ளது. இரும்பு பட்டால் அது கருத்துவிடும். ஜாடியைக் கொதிநீரில் கழுவி வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பின்னால் தொல்லைதான்.

உலர்த்திய இதழையும் பொடித்த சர்க்கரையில் முக்கால் பங்கையும் அகன்ற எவர்சில்வர் தாம்பாளத்தில் இட்டு, சுத்தமான உலர்ந்த கையால் மெதுவாகப் பிசற வேண்டும். இதழ் கசங்கி, சர்க்கரை ஈரமாகி, கையில் ஒட்டும் பதம் வந்ததும் ஜாடியில் அள்ளிப் போட வேண்டும். மேலே மீதிச் சர்க்கரையைப் பரப்பி மூட வேண்டும். ஜாடியின் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது.

ஜாடியின் வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் வேடு கட்டி வெயிலில் வைக்க வேண்டும். மூடி போட்டு வைத்தால் எழும்பும் ஆவி மூடியில் பட்டு மீண்டும் சொட்டும், நீர் வெளியேறாது. எறும்பு ஏறாமலிருக்க, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கல்லை வைத்து அதன்மேல் ஜாடியை வைக்கலாம். பொழுது சாய்வதற்கு முன் ஜாடியை உள்ளே எடுத்து மூடியிட வேண்டும். இரவுப் பனி படக் கூடாது.

தினம் ஒரு முறை, உலர்ந்த மரக்கரண்டியால் அடிவரை கிளறிவிட வேண்டும். முதல் சில நாட்களில் பாகு நீர்த்து மேலே மிதக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இதழின் நீர் வெளிவருகிறது என்பதே பொருள். நாளாக ஆகப் பாகு கெட்டிப்பட்டு இதழ் மெருகேறும். நல்ல வெயிலில் 3 முதல் 4 வாரத்தில் பக்குவம் வந்துவிடும். 10 நாள் ஆகியும் பாகு கெட்டிப்படத் தொடங்கவில்லை என்றால், கலவையை அகன்ற எவர்சில்வர் தட்டில் மெல்லிதாகப் பரப்பி, துணியால் மூடி, ஓரிரு நாள் வெயிலில் வைத்து மீண்டும் ஜாடியில் நிரப்பலாம்.

அடுப்பில் காய்ச்சி ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று தோன்றலாம். முடியும். ஆனால் வாசனையின் பெரும்பகுதி ஆவியுடன் போய்விடும். ஜாம் போன்ற ஒன்றுதான் மிஞ்சும்.

தராசு பார்த்துத் தீர்மானிக்கவும்

கண்ணளவில் பதம் பார்ப்பது அனுபவசாலிகளுக்குச் சரி. புதிதாகச் செய்பவர்கள் தராசையே நம்ப வேண்டும். ஜாடியை வெறுமையாக எடை போட்டு, அந்த எடையைக் காகிதத்தில் எழுதி ஜாடியிலேயே ஒட்டிவிட வேண்டும். கலவை நிரப்பிய அன்று ஒரு முறையும், பிறகு வாரம் ஒரு முறையும் எடை போட வேண்டும். சம அளவு முறையில், தொடங்கிய எடையில் 5-ல் ஒரு பங்கு குறைந்ததும் வெயிலில் வைப்பதை நிறுத்தலாம். அதற்கு மேலும் வெயிலில் விட்டால் பாகு இறுகிக் கற்கண்டு கட்டிவிடும்.

கெட்டதை அறிவது எப்படி?

கிளறாதபோதே நுரை எழும்புவது, திறந்தவுடன் புளித்த கள் போன்ற நெடி வீசுவது, மூடி உப்பி நிற்பது ஆகியவை நொதித்துவிட்டதன் அறிகுறிகள். மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ கருப்பாகவோ பஞ்சு போலப் படர்ந்திருந்தால் பூஞ்சாணம் பிடித்துவிட்டது என்று பொருள். மேல்பகுதியை வழித்து எறிந்துவிட்டு அடியில் உள்ளதை உபயோகிக்கலாம் என்று எண்ணக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வேரும் நஞ்சும் உள்ளே இறங்கியிருக்கும். அந்த ஜாடி முழுவதையும் எருக்குழியில் கொட்டிவிட வேண்டும்.

மேலே அல்லது ஓரத்தில் சிறு கற்கண்டுபோல் சர்க்கரை உறைந்திருப்பது கெடுதல் அல்ல. நிறம் இளஞ்சிவப்பிலிருந்து பழுப்பு கலந்த சிவப்பாக மாறுவதும் இயல்பே. பளிச்சென்ற சிவப்பு வேண்டும் என்பதற்காகச் சாயப்பொடி சேர்ப்பது முறையல்ல.

அளவு சரியாக இருந்தாலும் ஈரக் கரண்டி ஒரு முறை உள்ளே போனால் போதும். அந்த இடத்தில் பாகு நீர்த்துக் கெடத் தொடங்கும். பக்குவம் வந்ததைச் சிறு சிறு பாட்டில்களில் நிரப்பி வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும்.

மல்லிகைச் சர்க்கரை

மல்லிகையைக் குல்கந்துபோல் இதழுடன் சாப்பிடும் வழக்கம் இல்லை. ஆனால் அதன் வாசனையைச் சர்க்கரையில் ஏற்றிக்கொள்ளலாம். குண்டுமல்லி மொட்டு மாலையில் விரியத் தொடங்கி இரவு முழுவதும் மணம் வீசும். சீன நாட்டில் மல்லிகைத் தேயிலை தயாரிப்பவர்கள் இந்த இயல்பைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இரவில் தேயிலையுடன் மொட்டைக் கலந்து வைத்து, மணம் ஏறியதும் பூவை நீக்கிவிடுகிறார்கள்.

அதே முறையில் அகன்ற டப்பாவில் ஒரு வரிசை சர்க்கரை, அதன்மேல் மெல்லிய மல் துணி, துணியின்மேல் மறுநாள் விரியாத, அன்றே விரியவிருக்கும் மொட்டு, மேலே மீண்டும் துணியும் சர்க்கரையும் என்று மாலையில் அடுக்கி மூட வேண்டும். 1 கிலோ சர்க்கரைக்குக் கால் கிலோ மொட்டு போதும். மறுநாள் காலையில் துணியோடு பூவை எடுத்துவிட்டு, சர்க்கரையை நிழலில் பரப்பி ஈரம் போக்க வேண்டும். இவ்வாறு இரண்டு, மூன்று இரவுகள் புதுப் பூ வைத்து மாற்றினால் நல்ல மணம் ஏறும். பாயசத்துக்கும் தேநீருக்கும் இது ஏற்றது. மல்லிகைக்கும் மொட்டுப்புழுவுக்காக மருந்தடிக்கும் வழக்கம் உண்டு. ஆகவே ரோஜாவுக்குச் சொன்ன விதி இதற்கும் பொருந்தும்.

எளிய மற்றொரு வகையும் உண்டு. ரோஜா இதழை நிழலில் நொறுங்கும் பதத்துக்கு உலர்த்தி, 1 பங்கு இதழுக்கு 10 பங்கு சர்க்கரை சேர்த்து அரைத்துச் சலித்தால் ரோஜாச் சர்க்கரைத் தூள் கிடைக்கும். ஈரமே இல்லாததால் மழைக் காலத்துக்கும் இது உகந்தது. காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும்.

விஷப் பூக்கள்: எச்சரிக்கை

பூ என்றால் எல்லாம் ஒன்றல்ல. மாலைக்காகச் சாகுபடி செய்யப்படும் அரளி, வேலியோரத்துப் பொன்னரளி, ஊமத்தை, விதைக்காக வளர்க்கப்படும் கண்வலிக் கிழங்கின் செங்காந்தள் பூ ஆகியவை கொடிய நஞ்சு. ரோஜாவும் அரளியும் அடுத்தடுத்து நிற்கும் தோட்டங்கள் உண்டு. இளஞ்சிவப்பு அரளி இதழ் ரோஜா இதழுடன் கலந்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. ஒரே கூடையில் இரண்டையும் பறிப்பது, அரளி பறித்த கையைக் கழுவாமல் ரோஜா இதழை உதிர்ப்பது ஆகியவை கூடாது. குழந்தைகளை இதழ் உதிர்க்க உட்கார வைக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

விற்பனையும் வரவு செலவும்

குல்கந்து செய்வதால் விலை சரிவு அடியோடு தீர்ந்துவிடும் என்று எண்ணக் கூடாது. ஒரு நாளில் 30 கிலோ பூ பறிப்பவர் அத்தனையையும் ஜாடியில் போட வேண்டுமானால், அதற்கேற்ற சர்க்கரையும் ஜாடிகளும் இதழ் உதிர்க்க ஆட்களும் வேண்டும். அது முதலும் அதிகம், உழைப்பும் அதிகம். ஒதுக்கிய 5 சென்டில் வரும் பூவுக்கு மட்டும் இது பொருந்தும். அப்போது விலை உள்ள நாளில் அந்தப் பூவையும் மண்டிக்கு அனுப்பலாம். விலை இல்லாத நாளில் ஜாடிக்கு அனுப்பலாம். முடிவு செய்யும் உரிமை விவசாயியின் கையில் இருக்கிறது என்பதே இதன் முதல் இலாபம்.

கணக்கு போடும்போது 1 கிலோ இதழ், 1 கிலோ சர்க்கரை சேர்ந்து 2 கிலோ குல்கந்து என்று போடக் கூடாது. கிடைப்பது 1 கிலோ 600 கிராம் மட்டுமே. பூவின் அன்றைய மண்டி விலை, சர்க்கரை, பாட்டில், மூடி, லேபிள், ஒரு மாதம் வெயிலில் எடுத்து வைக்கும் வேலை ஆகிய அனைத்தையும் கூட்டி 1 கிலோ 600 கிராமால் வகுத்தால்தான் அடக்க விலை தெரியும். சொந்தத் தோட்டத்துப் பூவுக்கும் சொந்த உழைப்புக்கும் விலை போடாமல் விற்பவர் இலாபம் என்று நினைத்துக்கொண்டே நஷ்டப்படுவார்.

வீட்டு உபயோகத்துக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. விற்பதானால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு தயாரிப்பாளர்களுக்கென்று எளிய பதிவு முறை உள்ளது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விவரம் பெறலாம். பாட்டிலின் மேல் பொருளின் பெயர், சேர்ந்துள்ள பண்டங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும்.

லேபிளில் இந்த நோய் தீரும், அந்த நோய் தீரும் என்று அச்சிடக் கூடாது. அது மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். குல்கந்தில் பாதிக்கு மேல் சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்பதைக் கேட்பவர்களிடம் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். “மருந்து தெளிக்காத பூ” என்று எழுதுவதானால், அது முழுக்க உண்மையாக இருக்க வேண்டும். ஒரு முறை நம்பிக்கை போனால் திரும்பாது.

பீடாக் கடை, பழரசக் கடை, இனிப்புக் கடை, நாட்டு மருந்துக் கடை, கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர்கள் ஆகியோரிடம் முதலில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். ஒரே கிராமத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து, மகளிர் சுய உதவிக் குழு மூலமாகச் செய்தால் சர்க்கரையையும் பாட்டிலையும் மொத்தமாக வாங்கலாம், செலவு குறையும்.

தொடக்கத்தில் அதிக முதல் போட வேண்டாம். வரும் கவாத்தின்போது 10 செடிகளை மட்டும் மருந்துக்கு விலக்கி, அந்தப் பூவில் அரைக் கிலோ இதழ் சேர்த்து ஒரு ஜாடி போட்டுப் பார்க்கலாம். வீட்டார் சாப்பிட்டுப் பார்த்து, மூன்று மாதம் கெடாமல் நிற்கிறதா என்று கவனித்த பின் 5 சென்டாக விரிவாக்கலாம். தன் வீட்டுக் குழந்தைக்குத் தயங்காமல் கொடுக்கக்கூடிய பண்டத்தை மட்டுமே சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த விதியைக் கைவிடாத விவசாயிகள், வீணாகும் பூவையும் வருமானம் தரும் பொருளாக மாற்றிப் பயன் அடையலாம்.